தம்பானூரிலிருந்து இஸ்தோப்பு வரை

திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் காலை ஊன்றுவது தம்பானூரில்தான். 1931இல் திறந்த ரயில் நிலையம் கல் முகப்போடு ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்திய பஸ் நிலையம். இடையே ஆட்டோக்கள், லாட்டரிச் சீட்டு விற்பவர்கள், தமிழ் நாளிதழும் தொங்கும் பெட்டிக்கடைகள். பஸ் நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ், சிவப்பு உருளையாகச் சுழன்று ஏறுகிறது. உள்ளே தரை சாய்வாகவே மேலே போகிறது. சுவர் முழுக்க விட்ட துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. தெருவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே முன்புறம் என்று ஒன்று கிடையாது. வாசலைத் தாண்டினால் மேசைதான்.

அந்த மேசையில் கிடக்கும் மலையாள நாளிதழின் வாடகை விளம்பரங்களைப் பார்த்தால் கேரளத்து வீட்டுக்கு முன்புறம் எவ்வளவு வேண்டியது என்று புரியும். படுக்கையறை இத்தனை, ஹால், அடுத்தே ‘சிட்டவுட்’, பிறகு ‘கார் போர்ச்’. சிட்டவுட் ஆங்கிலம்தான், ஆனால் இங்கிலாந்தில் வீட்டு முன்புறத்துக்கு அப்படிப் பேர் சொல்லிப் பழக்கமில்லை. நம் ஊர்ப்பக்க வீட்டு வரைபடங்களில் பிறந்து வளர்ந்த ஆங்கிலம் அது. அதற்கு முன்னால் இங்கே சொல்லுக்கா பஞ்சம்? கோழிக்கோட்டுப் பக்கம் கோலாய், வள்ளுவநாட்டில் உம்மறம், இன்னும் சில இடங்களில் இறயம், பெரிய தறவாடுகளிலும் அரண்மனைகளிலும் பூமுகம், எளிய வீட்டில் திண்ண. எல்லைக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலியில் தார்சா, தஞ்சாவூரில் திண்ணையைத் தாண்டினால் ரேழி, செட்டிநாட்டில் முகப்பு. கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போனால் விறாந்தை.

இந்த வரிசையில் டச்சுச் சொல் ஒன்றும் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. வீட்டு வாசலுக்கு முன்னால் சற்று உயர்த்திக் கட்டிய படிமேடையை டச்சுக்காரர்கள் ‘ஸ்தூப்’ என்பார்கள். ஆங்கிலத்தில் படியைக் குறிக்கும் ‘ஸ்டெப்’புக்கு உறவுக்காரச் சொல். நெதர்லாந்தின் கால்வாய்க்கரை வீடுகளில் அது தெருவுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட சொந்த இடம். ஓரத்தில் ஒரு பெஞ்சு இருக்கும்; மாலையில் குடும்பம் வந்து உட்காரும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல் போன இடங்களில் இந்தச் சொல்லும் இறங்கியது. அமெரிக்காவில் அவர்கள் ஆண்ட நியூ ஆம்ஸ்டர்டாம் 1664இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயார்க் ஆனது. ஆனால் புரூக்ளின்வாசிகள் தங்கள் வாசற்படிக்கட்டை இன்றைக்கும் ‘ஸ்டூப்’ என்கிறார்கள். 1652இல் டச்சுக்காரர்கள் குடியேறிய தென்னாப்பிரிக்க முனையிலும் தூண் வைத்த முன்புறத்துக்கு அதே பேர். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய் இறங்கிய கரும்புத் தோட்டத் தமிழர்களின் வாரிசுகள் பேசும் ஆங்கிலத்திலும் அது உண்டு.

அதே டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். திருவிதாங்கூரோடு போரிட்டார்கள். தம்பானூரிலிருந்து பஸ் ஏறினால் அந்தப் போர்க்களத்துக்கு அரை நாளில் போய்விடலாம். அவர்களுடைய ஸ்தூப் இங்கே எந்த வாசலிலாவது ஒட்டிக்கொண்டதா? இதைத் தெரிந்துகொள்ளத் தம்பானூரிலிருந்து பிரியும் இரண்டு சாலைகளில் போக வேண்டும். ஒன்று தெற்கே நாகர்கோவில் சாலை. மற்றது வடகிழக்கே தென்காசி சாலை.

*

பஸ் ஏறுவதற்கு முன் நடந்தே பார்க்கக்கூடியது வலியசாலை. தம்பானூரிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கமாகக் கொஞ்ச தூரம். காந்தளூர் மகாதேவர் கோயில் இங்கேதான் இருக்கிறது. முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கோயிலை ஒட்டிய தெருக்கள் தமிழ்ப் பிராமணர் குடியேறிய அக்கிரகாரம். வீடுகள் தோளோடு தோள் உரச நெருங்கி நிற்கின்றன. பக்கச்சுவர் இரு வீட்டுக்கும் பொது. மலையாளி வீடு தோட்டத்தின் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும். இந்த வீடுகள் தெருவைப் பார்த்து வரிசையில் நிற்கும். ஆகவே இங்கே முன்புறம் என்பது தெருவோடு சேர்ந்தது. அதுதான் திண்ணை.

திண்ணை அளவுக்குத் தமிழில் வேலை செய்த கட்டடப் பகுதி வேறு இல்லை. பகலில் பள்ளிக்கூடம், மாலையில் ஊர்வம்பு, இரவில் வழிப்போக்கனுக்குப் படுக்கை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் சிறுவர்கள் எழுத்தும் கணக்கும் கற்ற இடத்துக்கே திண்ணைப் பள்ளிக்கூடம் என்றுதான் பேர். அதைவிடப் பழைய சொல் முன்றில். இல்லின் முன் என்பது புரண்டு முன்றில் ஆனது. அந்தப் புணர்ச்சிக்கென்று தொல்காப்பியம் தனி விதியே வைத்திருக்கிறது. வீட்டு முன்புறத்துக்குத் தனிச் சொல் தேவைப்பட்ட காலம் அவ்வளவு பழையது. மலையாளத்தின் இறயமும் நமக்கு அந்நியமில்லை. தாழ்வாரக் கூரையின் விளிம்பை இறை என்றும் இறவாரம் என்றும் சொல்கிறோமே, அதே வேர்.

வலியசாலையில் சில வீடுகள் இடிந்து மாடிக் கட்டடங்களாகிவிட்டன. சிலவற்றில் திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்டாயிற்று. மிச்சமிருக்கும் திண்ணைகளைப் பார்க்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த திண்ணை எல்லா வழிப்போக்கனுக்கும் இடம் கொடுக்கவில்லை. இந்தத் தெருக்களுக்குள்ளேயே வர முடியாதவர்கள் இருந்தார்கள். முன்புறத்துக்குப் பேர் இருப்பது வேறு. அங்கே உட்காரும் உரிமை வேறு.

*

நாகர்கோவில் பஸ் கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று போகிறது. சாலையோர வீடுகளைச் சன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு படிப்பு. பழைய ஓட்டு வீட்டுக்கு முன்னால் இடுப்பளவு அரைச்சுவர். அதன் மேல் சாய்ந்து உட்காரும்படி மரச்சாய்மானம் வைத்த சாருபடி. அடுத்த தலைமுறை வீட்டுக்குக் கான்கிரீட் தளமும் சிமென்ட் ஜன்னலழியும். அதற்கும் அடுத்தது வளைகுடாப் பணத்தில் எழுந்தது. கிரேக்கத் தூண்கள், பளிங்குத் தரை, கார் நிற்கத் தனிக் கூரை. மூன்று வீடுகளும் ஒரே புரையிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுண்டு. பாட்டிக்குத் திண்ண, அப்பாவுக்கு வராந்த, பேரனுக்கு சிட்டவுட்.

களியக்காவிளையில் எல்லை. மாநிலம் மாறுகிறது, வீடு மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் ஒரே சீமைதானே. மார்த்தாண்டம் தாண்டித் தக்கலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் போனால் திருவிதாங்கூர் அரசர்களின் பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

முதல் கட்டடமே பூமுகம். வீட்டுக்கு முகம் உண்டு, அந்த முகம் பூவாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் வைத்த பேர். தலையை நிமிர்த்தினால் மரக்கூரை முழுக்கப் பூக்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் 90 வகைப் பூ வேலை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். நடுவில் குதிரைவீரன் வடிவம் தாங்கிய பித்தளைத் தூக்குவிளக்கு தொங்குகிறது. ஓரத்தில் சீனர்கள் கொடுத்த நாற்காலி. படுத்தால் குளிரும் கருங்கல் கட்டில். அரசர் வந்தவர்களைப் பார்த்தது இங்கேதான். மேல்மாடியில் மந்திரசாலை. முன்புறத்தில் பேசி, மேலே ஏறி முடிவெடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தூக்குவிளக்கின் கீழே நின்றபோது கோழிக்கோடு நினைவுக்கு வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமாவோடு வந்த ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில், கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் இடத்தில் தங்களை உட்கார்த்திவைத்த முன்புறத்தை ‘வராந்தா’ என்று குறிப்பிடுகிறார்; அங்கே பெரிய பித்தளை விளக்கு இருந்ததையும் சேர்த்தே எழுதுகிறார். வராந்தா என்பது இந்தியச் சொல்லா போர்த்துக்கீசியச் சொல்லா என்ற வாக்குவாதத்தில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும் இடம் அது. வந்து இறங்கிய முதல் பயணத்திலேயே போர்த்துக்கீசியர் வாயில் அந்தச் சொல் இருந்திருக்கிறது. நம்முடைய உம்மறத்தையோ கோலாயையோ பார்த்து அவர்கள் தங்கள் சொல்லால் அழைத்தார்கள். பிறகு ஆங்கிலேயன் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினான். வராந்தா அந்தக் கட்டடங்களின் வழியேதான் நம் பேச்சில் பரவியது. இன்றைக்கும் தமிழில் ஆஸ்பத்திரி வராந்தா, கோர்ட்டு வராந்தா என்றால் சரியாக இருக்கிறது. ஆஸ்பத்திரித் திண்ணை என்று யாரும் சொல்வதில்லை.

பூமுகத்தின் அழகைச் சொல்லும்போது வாசலுக்கு வெளியே நின்றவர்களையும் சொல்ல வேண்டும். இதே சீமையில் நாடார்களுக்கு மாடி வைத்து வீடு கட்டத் தடை இருந்தது. குடை பிடிக்கத் தடை, பெண்கள் மாரை மறைக்கத் தடை. வீட்டின் உயரத்தையே சாதி தீர்மானித்த ஊரில், எந்த முகம் எவ்வளவு பூக்கலாம் என்பதையும் அதுவே தீர்மானித்தது.

*

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையிலேயே புலியூர்க்குறிச்சி. அங்கே மலையொன்றைச் சுற்றி வளைத்த பெரிய கல்மதில் உதயகிரிக் கோட்டை. ஊர்க்காரர்களிடம் டிலனாய் கோட்டை என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மரங்களுக்கு நடுவே கூரையில்லாத ஒரு சிற்றாலயம் நிற்கிறது. உள்ளே யூஸ்டாஷியஸ் டி லனாயின் கல்லறை. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. பக்கத்திலேயே மனைவியும் மகனும்.

கதை தெரிந்ததுதான். மிளகு வணிகத்தில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவோடு முரண்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி குளச்சலில் படையை இறக்கியது. 1741 ஆகஸ்டு 10ஆம் தேதி அது தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். அவரைக் கொல்லாமல் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் அரசர். சிறைப்பட்டவர் திருவிதாங்கூரின் தளபதியானார். பீரங்கி வார்த்தார், கோட்டைகளைச் செப்பனிட்டார், 1777இல் சாகும் வரை இங்கேயே இருந்தார். அவரோடு பழகிய அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைதான் பின்னர் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்த டி லனாயை இங்கே மக்கள் அழைத்த பேர் வலிய கப்பித்தான். கப்பித்தான் போர்த்துக்கீசியச் சொல். டச்சுக் கம்பெனி அதிகாரியைக்கூட ஊர் அவருக்கு முந்தி வந்தவர்களின் சொல்லால்தான் அழைத்திருக்கிறது. இதில் ஆச்சரியமில்லை. டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து கோட்டைகளைப் பிடித்தார்களே தவிர, கடற்கரைகளின் பேச்சுமொழியைப் பிடிக்க முடியவில்லை. கொச்சியிலும் கொழும்பிலும் டச்சு அதிகாரிகளின் வீட்டுக்குள்ளேயே கலப்புப் போர்த்துக்கீசியம்தான் புழங்கியது. சமையல்காரியும் ஆயாவும் மனைவியும்கூட அதையே பேசினார்கள். அதனால்தான் மலையாளியின் வீட்டுக்குள் மேசை, கசேர, அலமாரி, ஜனல், சாவி எல்லாம் போர்த்துக்கீசியமாக இருக்கின்றன. வீட்டுக்கு டச்சு கொடுத்த சொல் வேறொன்று. வீட்டின் பின்கோடியில் தனியாக நின்ற கக்கூஸ்! டச்சு ‘கக்ஹவ்ஸ்’தான் அது. தமிழிலும் உண்டு, சிங்களத்திலும் உண்டு, இந்தோனேசியாவில் ‘ககுஸ்’. அவர்களிடமிருந்து நமக்கு வந்த இன்னொன்று துட்டு. அவர்களுடைய ‘தவ்த்’ என்னும் செப்புக்காசு. தமிழ்க்கரையில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று வரிசையாகக் கோட்டை கட்டி 150 ஆண்டுக்கு மேல் வணிகம் செய்தவர்களின் மிச்சம் காசும் கக்கூசும்.

முன்புறம் கிடைக்கவில்லை. உதயகிரியிலும் இல்லை, பத்மநாபபுரத்திலும் இல்லை. இங்கே ஸ்தூப் என்று சொல்லும் வாசல் ஒன்றுகூட இல்லை.

*

குளச்சலுக்குத் தக்கலையிலிருந்தே பஸ் உண்டு. மீன்பிடித் துறைமுகம், பெரிய தேவாலயம், கடலோரம் நெருங்கிய வீடுகள், போர் நினைவாக நாட்டிய வெற்றித்தூண். தூணருகே நின்று கடலைப் பார்த்தால் தென்கிழக்கே இலங்கை. 1741இல் இந்தக் கரையில் இறங்கிய டச்சுப் படை அங்கிருந்துதான் வந்தது. அதற்கு முன் மார்த்தாண்ட வர்மாவை நேரில் மிரட்டிப் பார்த்த வான் இம்ஹோஃப் இலங்கையின் டச்சு ஆளுநர். குளச்சல் மணலில் கால் வைத்த சிப்பாய்களில் பலர் கொழும்பிலும் காலியிலும் தங்கள் ஸ்தூப்பில் உட்கார்ந்து பழகியவர்களாக இருந்திருப்பார்கள்.

ஏனென்றால் இலங்கையில் அவர்கள் வீடு கட்டினார்கள். 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம் என்று போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக் கரையோரத்தை 1796 வரை ஆண்டார்கள். கோட்டைக்குள் தெரு போட்டு வரிசை வீடு எழுப்பினார்கள். காலிக் கோட்டைக்குள் போனால் இப்போதும் காணலாம். தெருவை ஒட்டி உயர்ந்த மேடை, அதன் மேல் தூண் வரிசை, தூண்களின் மேல் இறங்கும் ஓட்டுக் கூரை. ஆம்ஸ்டர்டாமில் வானத்தைப் பார்த்துக் கிடந்த படிமேடை இங்கே வெயிலுக்கும் மழைக்கும் கூரை போட்டுக்கொண்டது. கொழும்பு புறக்கோட்டையில் ஆளுநர் தோமஸ் வான் ரீ குடியிருந்த வீடு இன்று டச்சு அருங்காட்சியகம். முகப்பில் அதே தூண்வரிசை.

இந்த வீடுகளைக் கட்டிய கைகள் உள்ளூர்க் கைகள். கொத்தனாரும் தச்சரும் எஜமானின் வீட்டு உறுப்புகளை எஜமானின் சொல்லாலேயே கற்றார்கள். தச்சு மேஸ்திரியைச் சிங்களவர்கள் ‘பாஸ்’ என்பது டச்சுச் சொல்தான், அமெரிக்காவில் அதுவே முதலாளியைக் குறிக்கும் ‘பாஸ்’ ஆனது. மாடி ‘சொல்தரய’, டச்சு ‘சோல்தர்’. இழுப்பறை ‘லாச்சுவ’, ஈழத்துத் தமிழில் லாச்சி. அலுவலகம் ஈழத்தில் கந்தோர், வழக்கறிஞர் அப்புக்காத்து, பீன்ஸ் போஞ்சி. எல்லாம் டச்சு. வீட்டின் தூண்வைத்த முன்புறம் ‘இஸ்தோப்புவ’. ஸ்கூலை இஸ்கூல் ஆக்கும் நம் நாக்குத்தான் ஸ்தூப்பை இஸ்தோப்பு ஆக்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிங்களக் கிராமத்து மண்வீட்டுக்கு முன்னால் நம் திண்ணை போலவே ஒரு மேடை உண்டு. அதற்கு ‘பில’ என்று பேர். டச்சுச் சொல் அதைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்தான் தானே கட்டிய வீட்டில் திண்ணையும் தலைவாசலும் வைத்துக்கொண்டான். வேலிப்படலைக்குக் கூரை போட்டு வழிப்போக்கன் நின்று இளைப்பாறச் சங்கடப்படலையும் வைத்தான். 1707இல் அவன் வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என்று சட்டமாக்கிய டச்சுக்காரனால் அவன் முன்புறத்துக்குப் பேர் வைக்க முடியவில்லை. புதுமுறை வீடு வந்தபோதும் விறாந்தை என்றானே ஒழிய இஸ்தோப்பு என்று சொல்லவில்லை.

குளச்சலில் நின்று யோசித்தால் கணக்குத் தெளிவாகிறது. வென்றதும் தோற்றதும் இதில் பெரிதல்ல. தோற்ற இடத்தில் டச்சுக்காரன் ஒரு தளபதியைக் கொடுத்தான், வாசலுக்குச் சொல் தரவில்லை. கொச்சியில் 132 ஆண்டுகள் ஆண்டும் மலையாளியின் முன்புறத்துக்குப் பேர் வைக்க முடியவில்லை. மலையாளி தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டான். வீட்டை யார் கட்டுகிறார்களோ அவர்கள் சொல்தான் வாசலில் நிற்கிறது. தனக்கே கட்டிக்கொண்டவனிடம் தன் சொல் இருக்கும். அடுத்தவன் கட்டிக்கொடுத்த கூரையின் கீழ் போனவனிடம் கட்டியவன் சொல் இருக்கும்.

*

இந்தக் கணக்குக்கு இன்னொரு சாட்சி தம்பானூரின் மற்றொரு சாலையில் இருக்கிறது. தென்காசி பஸ் நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை வழியாக மலையேறுகிறது. பேரூர்க்கடைப் பக்கத்துச் சிட்டவுட்டுகள் மெல்லக் குறைந்து, ரப்பர் மரங்கள் வரிசை கட்ட ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் சாய்ந்த வெட்டும் அதன் கீழ் ஒரு கிண்ணமும். குளத்தூப்புழையில் இறங்கினால் ஆற்றங்கரையில் சாஸ்தா கோயில். அதைத் தாண்டித் தோட்டங்கள். இவற்றில் பெரிய பரப்பு ரிஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற அரசு நிறுவனத்துக்குச் சொந்தம். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976இல் அமைத்தது. குளத்தூப்புழையும் ஆயிரநல்லூரும் அதன் தோட்டங்கள். யாருக்கு மறுவாழ்வு? இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு.

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி இலங்கை மலைநாட்டுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். முதலில் காப்பித் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டபின் மெல்ல மெல்லத் தேயிலைத் தோட்டம். கம்பெனி அவர்களுக்கு லயம் கட்டிக் கொடுத்தது. நீளக் கட்டடம் ஒன்று. சுவர்வைத்துப் பிரித்த சிறு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பலர் சொல்லும் கணக்கு. அறைக்கு முன்னால் அகலம் குறைந்த ஒரு முன்புறம். அடுப்பு, விறகு, கொழுந்துக்கூடை, கிழவர்களின் படுக்கை எல்லாம் அங்கே. அதற்கு மலையகத் தமிழர் சொல்லும் பேர் இஸ்தோப்பு.

டச்சுக்காரர்கள் இலங்கையை விட்டுப் போனது 1796. கண்டி மலைநாட்டை அவர்கள் ஒருநாளும் ஆண்டதில்லை. காப்பித் தோட்டத்துக்கு நம்மவர்கள் போனது அதற்கு ஒரு தலைமுறை கழித்து, ஆங்கிலேயன் காலத்தில். ஒரு டச்சுக்காரனையும் கண்ணால் கண்டிராதவர்கள், கண்ட சிங்களவரின் சொல்லைத் தங்கள் அறை வாசலுக்கு எடுத்துக்கொண்டார்கள். திண்ணை என்ற சொல் அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊரில் அவர்களில் பெரும்பாலோருக்குத் திண்ணை என்பது அடுத்தவன் உட்காரும் இடம். தாங்கள் எட்டி நின்று கைகட்டிப் பேசிய இடம். அந்தச் சொல்லை லயத்து வாசலில் ஒட்ட அவர்களுக்கு மனம் வராமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். இஸ்தோப்புக்கு அப்படிப் பழைய கணக்கு எதுவும் இல்லை. அது கம்பெனி கட்டியது, கம்பெனிக்குச் சொந்தமானது. வேலை போனால் அறையும் இஸ்தோப்பும் சேர்ந்து போகும்.

1948இல் சுதந்திர இலங்கை இவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்க் காடுகளுக்கும் இந்தக் குளத்தூப்புழைக்கும் அனுப்பினார்கள். தேயிலை கிள்ளிய விரல்கள் ரப்பர் மரத்தில் கத்தி பிடிக்கக் கற்றன. இங்கேயும் கூரை நிறுவனத்துடையது. கேரளத்தின் நடுவே வாழ்ந்தாலும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தோட்டத்துக் கோயிலில் மாரியம்மன்.

ஆக, டச்சுக்காரனின் வாசல் சொல் திருவிதாங்கூர் மண்ணுக்கு வந்தே சேர்ந்தது. 1741இல் பீரங்கியோடு வந்திறங்கியபோது வர முடியாதது, 1970களில் பெட்டிபடுக்கையோடு வந்தவர்களின் பேச்சில் ஏறிவந்தது. கொண்டுவந்தவர்கள் வெற்றிகொண்டவர்களும் இல்லை, வணிகர்களும் இல்லை. மூன்று தலைமுறையாகச் சொந்த வாசல் இல்லாதவர்கள். குளச்சலில் தூண் நிற்கிறது. குளத்தூப்புழையில் இதற்கெல்லாம் தூண் இல்லை.

பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்தச் சொல் இங்கே நிற்காது. புனலூரிலும் கொல்லத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிட்டவுட்தான் வீடு. சொந்தமாக மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியவர்கள் மேஸ்திரி சொல்லும் சொல்லையே சொல்கிறார்கள். வலியசாலையில் திண்ணையை இடித்து அடுக்ககம் எழுந்தால் அங்கே பால்கனி மட்டும். முன்புறம் என்று ஒன்று லிப்டுக்கு எதிரே இருக்கும் ஓரடி நடைதான். பில்டர் அதற்குப் பேர்கூட வைப்பதில்லை. பேர் இல்லாத இடத்தில் யாரும் உட்காருவதில்லை, செருப்பை மட்டும் விடுகிறார்கள்.

இலங்கை மலைநாட்டில் இப்போது வேறொன்று நடக்கிறது. லயங்களுக்குப் பதிலாகத் தனித்தனி வீடு கட்டும் வேலை. இந்தியா உதவியோடு 4,000 வீடு கட்டும் திட்டம் 2016இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு நோர்வூட்டுக்குப் போன இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு, நிலத்துக்கு உறுதிப்பத்திரம். ஏறக்குறைய 200 ஆண்டுக்குப் பிறகு வாசலுக்கு முன்னால் தங்கள் மண் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம். அந்த வீடுகளின் முன்புறத்தை மலையக மக்கள் இஸ்தோப்பு என்றே தொடர்ந்தால், டச்சில் பிறந்த அந்தச் சொல்லுக்கு முதன்முறையாகத் தமிழ் உரிமையாளர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். திண்ணை என்று மாற்றிக்கொண்டால் அதுவும் நியாயமே. இம்முறை அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று சொல்லப்போகிறவர்களும் அவர்கள்தான்.